உருளைக்கிழங்குத் தக்கிளி

யாஸ்புரின் படகு எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தேன்.
கையில் காசில்லை என்றான்.
கோழிக்கூண்டின்மேல் கிடந்த மிதிராட்டையை இறக்கித் தந்தான்,
கூடவே ஒரு மூட்டைக் கம்பளி,
ஃபேரோ ஆடு எங்கெங்கே படுத்தெழுந்தது என்பதெல்லாம்
ஒட்டியிருந்தது அதில்.

எனக்கென்ன, இயந்திரம் என்றால் போதும்.
பிரித்துப் போட்டேன். அச்சுக்கு மசகிட்டேன்.
அறுந்த வாருக்குப் பதில் பம்பின் பழைய ரப்பர் வளையம்.
சக்கரம் ஒரு சுற்று, கதிர் ஒன்பதரைச் சுற்று.
லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்தும் வைத்தேன்.

நூல் மட்டும் வரவில்லை.
வந்தது ஓரிடத்தில் புழு, ஓரிடத்தில் நரம்பு,
பிறகு ஒன்றுமில்லை.
அறுந்த நுனி கதிருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஸ்குவோய்த் துறையில் நான்கு நாள் புயல்.
கட்டிக்கிடந்த படகுக்குள்
நானும் போர்துரும்.
ஆகஸ்டிலிருந்து பேச்சில்லை எங்களுக்குள்.
குளிர்நீர் வால்வைப் பாதி மூடிவிட்டு
காபி குடிக்கப் போனவன் அவன்.
எஞ்சின் காய்ந்தது.
பெயர் போட்டு எழுதினேன்.
மூன்று வாரச் சம்பளம் போயிற்று அவனுக்கு.
எழுதியதில் பொய் இல்லை.
பென்சிலைத்தான்
கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டேன்.

இரண்டாம் நாள்.
மிதிக்கிறேன், அறுகிறது. மிதிக்கிறேன், அறுகிறது.
வெளியே கடலின் வாயிலும் உள்ளே என் வாயிலும்
நல்ல வார்த்தை இல்லை.

அவன் எழுந்தான்.
சமையல் கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு.
அதன் நடுவே ஓர் எஃகுக் கம்பி, நுனியை வளைத்து.
கேட்காமலே என் மூட்டையில் ஒரு பிடி.
தொடையில் ஓர் உருட்டு உருட்டிக் கைவிட்டான்.
கிழங்கு சுழன்றபடி தரைக்கு இறங்கியது.
மேலே விரல்கள், சும்மா இருப்பவைபோல்,
ஒன்றைவிட்டு ஒன்று விலகின.
இடையில் நூல்.

எப்படி, என்றேன்.
ஆகஸ்டுக்குப் பிறகு முதல் சொல்.

தெரியவில்லை என்றான்.
நெற்றியைச் சொறிந்தான்.
"வால்வு மாதிரி. முழுசாத் திறக்காதே.
பாதி மூடி வை."

சொன்னபிறகுதான் உறைத்தது இருவருக்கும்.
அவன் காது சிவந்துபோனது.
படகு அந்தப்பக்கம் சாய, கிழங்கு
மேசைக்கடியில் உருண்டு ஓட,
நூல் பிடித்தாற்போல் அதன் பின்னே போய்
மண்டியிட்டுத் தேடினான்,
நான் சிரித்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

முறுக்கு விரல்வரை ஏறிவந்து நிற்கும்.
போல்ட்டை இறுக்குவதுபோல் அதை இறுக்கியிருக்கிறேன்
இத்தனை நாளும்.
அன்று தளர்த்தினேன்.
சரசரவென்று உள்ளே போனது, வீடு தெரிந்த பூனைபோல.
ஒரு முழம். பிறகு அறுந்தது.
பிறகு மூன்று முழம்.

நான்காம் நாள்
என் முண்டுமுடிச்சு இழையையும் அவன் கிழங்கு இழையையும்
சேர்த்துப் பிடித்தோம்.
இரண்டும் வலப்புரி.
வலப்புரி இரண்டை
இடப்புரியாகத்தான் முறுக்க வேண்டும்:
ஏறிய முறுக்கில் இரண்டும் கொஞ்சம் இறங்கவேண்டும்,
இறங்கினால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
சக்கரத்தைப் பின்னோக்கி மிதித்தேன்.
அவன் இரண்டு இழைக்கும் நடுவே விரல்வைத்து
பேசாமல் இருந்தான். வேறுமாதிரிப் பேசாமல்.

பதினோரு மீட்டர்.
ஒரு குல்லாயின் விளிம்புக்குக்கூடக் காணாது.
கிழங்கை அவித்துப் பாதிப்பாதி தின்றோம்,
இரும்பு ருசித்தது.

அந்த நூலில் கொஞ்சம் வெட்டி
லாக் புத்தகத்தோடு பென்சிலைக் கட்டினேன்,
எப்போதும் தொலைகிற பென்சில்.
எஞ்சின் சூடேறினால்
நூலிலிருந்து நனைந்த ஆட்டின் நெடி கிளம்புகிறது.
காலை ஏழு மணிக் குறிப்பு இப்போது அவன் கையில்.
எண்ணெய் அழுத்தம். நீரின் சூடு.
கடைசி வரி:
வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது.
முழுசாக என்பதன் கீழே
இரண்டு கோடு.